ஹோம்ஸ்டேயா, விடுதியா, தனியறையா: ஜப்பானில் படிக்கப் போகிறவர் எங்கே தங்குவது?

ஜப்பானியப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் உறுதியானதும் அடுத்து வந்து சேருவது தங்குமிடப் படிவம்தான். ஒசாகாவுக்கும் கியோட்டோவுக்கும் இடையே ஹிராகாட்டா நகரில் இருக்கும் கன்சாய் காய்தாய் பல்கலைக்கழகமும், நகோயாவில் இருக்கும் நான்சான் பல்கலைக்கழகமும் பரிமாற்ற மாணவர்களைப் பல பத்தாண்டுகளாக ஏற்றுவருபவை. இத்தகைய இடங்களில் ஜப்பானியக் குடும்பத்துடன் தங்குகிறீர்களா, விடுதியில் தங்குகிறீர்களா என்று முதலிலேயே கேட்டுவிடுவார்கள். முதுநிலைப் படிப்புக்கோ ஆய்வுக்கோ போகிறவர்களின் படிவத்தில் குடும்பம் என்ற கட்டமே இல்லாமல் போகலாம். குடும்பம்தான் வேண்டுமென்றால் அவர்கள் தனியார் முகவர் வழியாகத் தாமே தேடிக்கொள்ள வேண்டியிருக்கும். ரோட்டரி, ஏ.எஃப்.எஸ். போன்ற அமைப்புகள் வழியாகப் போகும் பள்ளி மாணவர்களுக்கு இந்தத் தேர்வே கிடையாது. அவர்கள் குடும்பங்களில்தான் தங்க வேண்டும், அந்தக் குடும்பங்களும் கட்டணம் வாங்குவதில்லை. ஆகவே இங்கே பேசுவது, தேர்ந்துகொள்ளும் நிலையில் இருக்கும் கல்லூரி, மொழிப்பள்ளி மாணவர்களைப் பற்றி மட்டுமே.

படிவத்தை நிரப்பும்போது நம் மாணவர்கள் பெரும்பாலும் இரண்டைத்தான் பார்க்கிறார்கள்: மாதம் எவ்வளவு ஆகும், சாப்பாட்டுக்கு என்ன செய்வது. இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று உண்டு என்பது என் கருத்து. வாரத்தில் எத்தனை நாள் மாலை ஏழு மணிக்கு நான் வீட்டில் இருக்க முடியும்? குடும்பத்துடன் தங்குவதால் கிடைக்கும் பயனில் பெரும்பகுதி, ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் கிடைக்கிறது. அந்த நேரம் உங்கள் கையில் இருந்தால் ஹோம்ஸ்டேக்கு ஈடு வேறில்லை. இல்லையென்றால், கட்டிய பணத்துக்குக் கிடைக்க வேண்டியதில் பாதிகூடக் கிடைக்காது.

குடும்பத்தோடு ஒரு நாள்

ஹோம்ஸ்டே என்றால் வழக்கமாகத் தனி அறை, படுக்கை, மின்சாரம், தண்ணீர், காலையும் இரவும் உணவு. மதியச் சாப்பாடு அதில் சேராது. அதைக் கல்லூரி உணவகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். தரையில் விரிக்கும் தத்தாமி என்ற வைக்கோல் பாய் ஆறு கொள்ளும் அறை, அதாவது ஏறத்தாழ பத்துச் சதுர மீட்டர் கிடைத்தால் நல்ல அறை என்றே சொல்லலாம். தத்தாமி பாய் விரித்த அறையாக இருந்தால் இரவில் மெத்தையை விரித்துப் படுத்து, காலையில் மடித்து அலமாரிக்குள் வைத்துவிட வேண்டும். வெயில் அடிக்கும் நாளில் அதை மாடத்தில் காயப்போடுவதும் வீட்டு வேலைகளில் ஒன்று.

குடும்பங்களின் வீடுகள் பெரும்பாலும் நகரத்துக்கு வெளியே, கல்லூரியிலிருந்து தள்ளியே இருக்கும். சைக்கிளில் நிலையம் வரை, பிறகு ரயில், மறுபடியும் பேருந்து என்று ஒரு வழிப் பயணமே ஒரு மணி நேரம் ஆவது சாதாரணம். இதில் ஒரு சிக்கலை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. ரயில் நிறுவனங்கள் மாணவர்களுக்குத் தரும் சலுகை விலைப் பயண அட்டை, அவை ஏற்றுக்கொண்ட கல்வி நிலையங்களில் முழுநேர மாணவராக இருப்பவருக்கே கிடைக்கும். பல மொழிப்பள்ளிகளின் மாணவர்களும், பட்டப்படிப்பில் சேராமல் ஆய்வு மாணவர் என்ற நிலையில் இருப்பவர்களும் அதில் வருவதில்லை. அத்தகையவர் தொலைவில் உள்ள வீட்டை ஏற்றால், பயணச் செலவு வாடகையோடு போட்டி போடும்.

மாலையில் வீட்டுக்குள் நுழைவதிலேயே ஒழுங்கு தொடங்கிவிடுகிறது. வாசலில் தரை ஒரு படி தாழ்ந்திருக்கும். அங்கே காலணியைக் கழற்றி, முனை கதவைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு, ‘ததாய்மா’ (வந்துவிட்டேன்) என்று குரல் கொடுத்துக்கொண்டே உள்ளே ஏற வேண்டும். வீட்டுக்குள் நடக்கச் செருப்பு உண்டு, கழிப்பறைக்குத் தனிச் செருப்பு உண்டு, தத்தாமி அறைக்குள் எந்தச் செருப்பும் கூடாது. வீட்டுக்குள் வெறுங்காலோடு பழகிய நமக்கு இதில் பெரிய சிரமம் இல்லை. கழிப்பறைச் செருப்போடு கூடத்துக்கு வந்து நிற்பதை மட்டும் தவிர்த்தால் போதும்.

குளியல்தான் பழக வேண்டிய பெரிய விஷயம். தொட்டி இருக்கிறது என்பதற்காக அதற்குள் சோப்புப் போட்டுக் குளிக்க முடியாது. தொட்டிக்கு வெளியே சிறு முக்காலியில் உட்கார்ந்து, சோப்பு, ஷாம்பு எல்லாம் போட்டு, நுரை ஒரு பொட்டும் மிச்சமில்லாமல் அலசிய பிறகே, நாற்பது டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும் தொட்டி நீரில் கழுத்தளவு இறங்க வேண்டும். வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஒருவர் பின் ஒருவராக அதே நீரில்தான் இறங்குகிறார்கள். எனவே வெளியே வரும்போது அடைப்பானைப் பிடுங்கிவிடாமல், சூடு ஆறாதபடி மூடியைப் போட்டுவிட்டு வர வேண்டும். மறுநாள் அந்த நீரையே குழாய் வைத்து உறிஞ்சித் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு விடும் வீடுகளும் உண்டு. தலைக்கு எண்ணெய் வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். தீபாவளியன்று எண்ணெய்க் குளியல் எடுக்க ஆசைப்பட்டால், தொட்டியில் இறங்காமல் வெளியிலேயே முடித்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது. விருந்தாளி என்று முதல் முறையை உங்களுக்குக் கொடுக்கலாம். ஆனால் நீங்கள் பதினோரு மணிக்கு வந்தால், வீடே தூங்கப் போன பிறகு சத்தமில்லாமல் குளிக்கும் கடைசி ஆள் நீங்கள்தான்.

இரவு உணவு ஏறத்தாழ ஆறரையிலிருந்து ஏழரைக்குள் முடிந்துவிடும். பல வீடுகளில் ஏழு மணிக்கு என்.எச்.கே. செய்தி ஓடிக்கொண்டிருக்கும், கல்லூரியில் என்ன நடந்தது என்று கேட்பார்கள், வானிலை, விலைவாசி, பக்கத்து வீட்டுப் பையனின் நுழைவுத் தேர்வு என்று பேச்சு போகும். பாடப்புத்தகம் கற்றுத்தருவது அந்நியரிடம் பேசும் மரியாதை நடை. வீட்டில் ஒருவரோடு ஒருவர் பேசுவது சுருக்கமான, வினைமுற்று மாறிய நடை. ஒசாகா, கியோட்டோ அடங்கிய கன்சாய் வட்டாரமாக இருந்தால் அதுவும் அந்த ஊர் வழக்கில்தான் இருக்கும். முதல் சில வாரங்களில் பாதிதான் காதில் ஏறும். ஆனால் தினமும் அதே நேரத்தில், அதே குரல்களில், அதே பத்துப் பதினைந்து விஷயங்களைப் பற்றியே பேச்சு நடப்பதால், வகுப்பறையில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கிறது: முன்பு புரியாமல் விட்ட அதே தொடர் நாளை மறுபடியும் வரும். கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் வளர இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை நான் அறியேன். எழுதுவதும், கான்ஜி எனப்படும் சீன வழி எழுத்துகளைக் கற்பதும் வேறு கதை. அவற்றுக்கு மேசையில் தனியாக உட்கார்ந்துதான் ஆக வேண்டும், குடும்பம் அதற்கு உதவாது.

குளிர்காலத்தில் இந்தப் பயன் இன்னும் கூடும் என்பது வேடிக்கையான உண்மை. வடகோடித் தீவான ஹொக்கைதோவை விட்டுவிட்டால் ஜப்பானிய வீடுகளில் முழு வீட்டையும் சூடேற்றும் வழக்கம் குறைவு. வீட்டு நடையும் கழிப்பறையும் உங்கள் அறையும் குளிரில் நடுங்கும்போது, கூடத்தில் மட்டும் வெதுவெதுப்பு இருக்கும். அடியில் சூடேற்றி பொருத்திய தாழ்வான மேசையில், போர்வைக்குள் காலை நீட்டி எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். அறைக்குள் முடங்கும் கூச்ச சுபாவக்காரரைக்கூட டிசம்பர் மாதம் கூடத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

இத்தனைக்கும் விலை உண்டு. இரவு உணவுக்கு வரவில்லை என்றால் மதியத்துக்குள்ளாவது லைன் செயலியில் செய்தி அனுப்ப வேண்டும். சமைத்து வைத்துவிட்டுக் காத்திருக்கும் வீட்டம்மாவிடம் எட்டு மணிக்குச் சொல்வது பெரும் மரியாதைக் குறைவு. நண்பர்களை வீட்டுக்கு அழைத்து வருவதை அநேகமாக எதிர்பார்க்க முடியாது. ரயில்கள் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும் நாட்டில், புறநகர்ப் பேருந்து அதற்கும் முன்னாலேயே நின்றுவிடும் என்பதால், வீட்டார் நேரக்கட்டுப்பாடு போடாவிட்டாலும் பேருந்து போட்டுவிடும். குடும்பங்களும் ஒரே மாதிரி இல்லை. பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட முதிய தம்பதி, கைக்குழந்தையோடு அல்லாடும் இளம் பெற்றோர், தனியாக வாழும் அம்மா என்று பலவகை. சில வீடுகளில் உங்களை மகனாகவே நடத்துவார்கள். சில வீடுகளில் உறை போட்ட தட்டு குளிர்பெட்டியில் இருக்கும், நீங்களே சூடாக்கிச் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போக வேண்டியதுதான். பின்னது நேர்ந்தால், ஹோம்ஸ்டேயின் கட்டுப்பாடு மட்டும் மிஞ்சும், பயன் மிஞ்சாது.

சாப்பாடு: சைவர்களும் முஸ்லிம்களும் கவனிக்க வேண்டியவை

‘நான் சைவம்’ என்று எழுதினால் ஜப்பானியக் குடும்பம் அதை மாட்டிறைச்சி, பன்றி, கோழி வேண்டாம் என்று புரிந்துகொள்வது இயல்பு. மீன் உணவாகவே தோன்றாத அளவுக்கு அது எல்லாவற்றிலும் கரைந்திருக்கிறது. புளித்த சோயா விழுதைக் கரைத்துச் செய்யும் மிசோ சூப்பின் அடிச்சாறு உலர்ந்த சூரை மீன் சீவலிலோ சிறு கருவாட்டிலோ காய்ச்சியது. நூடுல்ஸ் சாறும், முட்டைச் சுருளும், வெந்த கீரை மேல் ஊற்றும் சாறும், சோற்றின் மேல் தூவும் பொடியும் அதே வழிதான். புளித்த சோயா பயறான நத்தோவின் பொட்டலத்தோடு வரும் சிறு சாஸ் பையில்கூட மீன் சாறு இருப்பது வழக்கம். கடையில் விற்கும், குழம்பு வைப்பதற்கான மசாலாக் கட்டிகளில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்ந்திருப்பது உண்டு என்பதால், ‘இந்தியர் ஆயிற்றே’ என்று அன்போடு செய்து தரும் காய்கறிக் குழம்பும் தப்பாது.

வழியே இல்லை என்று சொல்ல வரவில்லை. கடற்பாசியான கொம்புவிலும் உலர்ந்த ஷீதாக்கே காளானிலும் காய்ச்சும் சாறு, பௌத்த மடங்களின் சமையலில் நெடுங்காலமாக இருக்கிறது. டோஃபு, கத்தரிக்காய், பூசணி, கிழங்குகள், மாவில் தோய்த்துப் பொரித்த காய்கறித் தெம்புரா எல்லாம் கிடைக்கும். கேள்வி இதுதான்: தினமும் இரண்டு வேளை, தன் குடும்பத்துக்கு ஒன்றும் உங்களுக்கு ஒன்றுமாகத் தனிச் சாறு வைக்க ஒரு வீட்டம்மாவால் எத்தனை மாதம் முடியும்? மீன் சாற்றைப் பொருட்படுத்தாதவர், அல்லது முட்டையும் மீனும் உண்பவர் தயங்காமல் குடும்பத்தைத் தேர்ந்துகொள்ளலாம். சாறுகூடப் படக்கூடாது என்பவர், அடுப்பு தம் கையில் உள்ள இடத்தைத் தேர்வதே இரு தரப்புக்கும் நிம்மதி. முஸ்லிம் மாணவர்களுக்குப் பன்றியைத் தவிர்ப்பது எளிதில் புரியவைக்கக் கூடியது. சமையலில் ஊற்றும் சாக்கேயும் மிரினும் மதுவகை என்பது வீட்டாருக்கே தோன்றாமல் இருக்கும். ஹலால் இறைச்சி வேண்டுமென்றால், கன்சாய் பகுதியில் 1935இல் எழுப்பப்பட்ட கோபே மசூதியைச் சுற்றியும், டோக்கியோவில் ஷின்-ஓக்குபோவிலும் கடைகள் இருக்கின்றன.

விடுதி

பல்கலைக்கழக விடுதி பணத்தில் எல்லாவற்றையும்விட மலிவு என்பதால், கிடைத்தால் விடக்கூடாது என்பதே பொது அறிவுரை. அது பெரும்பாலும் சரிதான். கல்லூரிக்கு அருகில் இருக்கும், குடிபுகும்போது கட்ட வேண்டிய முகப்புச் செலவு கிடையாது அல்லது மிகக் குறைவு, பதிவு அலுவலக வேலைகளுக்கு மூத்த மாணவர் ஒருவர் உடன் வருவார். சில பல்கலைக்கழகங்களின் உணவகத்தில் நூறு யென்னுக்குக் காலை உணவு போடுகிறார்கள், விடுதியில் இருப்பவருக்குத்தான் அந்த நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். பல வெளிநாட்டு மாணவர் விடுதிகளில் ஆறு மாதம் அல்லது ஒரு வருடம்தான் தங்கலாம் என்ற வரம்பு உண்டு. இரண்டாண்டுப் படிப்புக்குப் போகிறவர் எப்படியும் ஒருமுறை இடம் மாற வேண்டியிருக்கும்.

அதன் குறை மொழியில் இருக்கிறது. பொதுச் சமையலறையில் இந்தோனேசியரும் வியட்நாமியரும் நம்மவரும் கூடிச் சமைப்பது மிக இனிமையான அனுபவம், ஆனால் அங்கே ஓடுவது ஆங்கிலம். காலையில் வகுப்பு, மதியம் உணவகம், இரவு விடுதி என்று போகும் வாழ்க்கையில், அங்காடியில் ‘பை வேண்டுமா’ என்ற கேள்விக்குப் பதில் சொல்வதோடு ஜப்பானிய மொழி முடிந்துவிடலாம். ஜப்பானிய மாணவர்களும் வெளிநாட்டவரும் ஒரே தளத்தில் கூடமும் சமையலறையும் பகிர்ந்து வாழும் கலப்பு விடுதி இருந்தால் நிலைமையே வேறு. ஒத்த வயதினரின் பேச்சு, குழு நடவடிக்கைகள், பகுதிநேர வேலைத் தகவல் எல்லாம் அங்கே கிடைக்கும். என் கணிப்பில், இருபது வயதை ஒட்டிய மாணவருக்குக் கலப்பு விடுதி, சுமாரான ஹோம்ஸ்டேயைவிட நல்ல தேர்வு.

தனியறையின் கணக்கு

தனியறையில் பார்க்க வேண்டியது மாத வாடகையை அல்ல, கையெழுத்திடும் நாளில் கட்ட வேண்டிய மொத்தத் தொகையை. மாதம் ஐம்பதாயிரம் யென் வாடகை என்று வைத்துக்கொள்வோம். முன்வைப்பு ஒரு மாதம், வீட்டுக்காரருக்கு அன்பளிப்பு என்ற பெயரில் திரும்பி வராத தொகை ஒரு மாதம், தரகருக்கு வரியோடு ஐம்பத்தைந்தாயிரம் வரை, வாடகைக்குப் பிணை நிற்கும் நிறுவனத்துக்கு அரை மாத வாடகையாவது, அதற்கு மேல் தீக்காப்பீடு, பூட்டு மாற்றும் செலவு என்று எல்லாம் சேர்ந்தால் முதல் மாத வாடகையைத் தவிர்த்தே இரண்டு லட்சம் யென் ஆகிவிடும். அன்பளிப்புத் தொகை இல்லாத வீடுகளும் இப்போது நிறைய உண்டு, தேடினால் குறைக்கலாம். எனினும் இந்த இரண்டு லட்சத்தை இரண்டாண்டுகளுக்குப் பங்கிட்டால் மாதத்துக்கு எட்டாயிரம் சொச்சம்தான். ஐந்து மாத ஒரு பருவத்துக்குப் பங்கிட்டால் நாற்பதாயிரம். ஒரே பருவத்துக்குப் போகிறவருக்குத் தனியறை மலிவு என்பது தவறான எண்ணம். மேற்கண்ட கணக்கில், மின்சாரமும் இருவேளை உணவும் உள்ளடங்கிய ஹோம்ஸ்டேதான் மலிவாக வந்து நிற்கும்.

அறை வெறுமையாகவே வரும். கூரையில் விளக்கு, சன்னல் திரை, அடுப்பு எதுவும் இல்லாமல் இருக்கலாம். முன்வைப்பைத் திரும்பப் பெறுவதில் முன்பு இருந்த குழப்பம் ஓரளவு குறைந்திருக்கிறது; 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த உரிமையியல் சட்டத் திருத்தம், இயல்பான தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பில்லை என்று தெளிவாக்கியது. ஆயினும் குடிபுகும் நாளிலேயே சுவர், தரை கீறல்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அரசு சார்ந்த யூ.ஆர். குடியிருப்புகளில் அன்பளிப்புத் தொகை, தரகு, பிணையாளர், புதுப்பிப்புக் கட்டணம் நான்கும் இல்லை. வருமானமோ சேமிப்போ போதுமான அளவு காட்ட வேண்டும், முன்வைப்பும் இரண்டு மாத வாடகை. நண்பர்கள் சேர்ந்து எடுக்க அது ஏற்றது.

நம் சமையலுக்காகவே தனியறை எடுப்பவர்கள் அடுப்பைப் பார்க்காமல் ஒப்பந்தம் போடக்கூடாது. மலிவான அறைகளில் ஒற்றை மின் அடுப்புதான் இருக்கும். தூண்டல் அடுப்பானால் அலுமினியக் குக்கர் வேலைக்கு ஆகாது. எரிவாயு அடுப்பிலும் ஒரு விசித்திரம் உண்டு. 2008 முதல் வீட்டு அடுப்புகளின் எல்லாப் பர்னரிலும் சூட்டுணர்வி கட்டாயம் என்பதால், தோசைக்கல் நன்றாகக் காய்ந்து வரும் தறுவாயில் தீ தானாகவே சிறுத்துவிடும். உணர்வியைச் சிறிது நேரத்துக்குத் தளர்த்தும் பொத்தான் உள்ள அடுப்பா என்று பார்த்து வாங்க வேண்டும். மின்சாரம் நூறு வோல்ட். ஊரிலிருந்து சுமந்து செல்லும் மிக்ஸி அங்கே அரைக்காது. மாவு அரைக்கும் ஆசை உள்ளவர்கள் அங்கே விற்கும் கருவியை வாங்குவதே மேல். டோக்கியோவில் நிஷி-கசாயைச் சுற்றி இந்தியக் கடைகள் நிறைய உண்டு என்பதால் பருப்புக்கும் புளிக்கும் அலைய வேண்டியதில்லை.

பலர் சேர்ந்து வாழும் பகிர்வு வீடுகள் இந்த வரிசையில் நடுவில் நிற்கின்றன. சாமான்களோடு வரும், முகப்புச் செலவு குறைவு, ஒரு மாத முன்னறிவிப்பில் வெளியேறலாம். உடன் இருப்பவர் யார் என்பதைப் பொறுத்தே எல்லாம் என்பதால், அதைப் பற்றிப் பொதுவாகச் சொல்ல அதிகம் இல்லை.

நோயும் நிலநடுக்கமும் குப்பையும்

மூன்று மாதங்களுக்கு மேல் தங்கும் மாணவர்கள் தேசிய உடல்நலக் காப்பீட்டில் சேர வேண்டும். மருத்துவச் செலவில் மூன்று பங்கு நம்முடையது, ஏழு பங்கு காப்பீட்டினுடையது. எனவே பணம் பெரிய கவலை இல்லை. எந்த மருத்துவரிடம் போவது, எங்கே வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது என்பதுதான் கவலை. குடும்பத்தில் இருப்பவருக்கு அது தீர்ந்துவிட்டது, விடுதியில் இருப்பவருக்குப் பாதி தீர்ந்தது, தனியறையில் இருப்பவர் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

2018 ஜூன் 18 காலை எட்டு மணிக்குச் சற்று முன்பு வடக்கு ஒசாகாவை உலுக்கிய நிலநடுக்கத்தில், ஹிராகாட்டாவிலும் ஜப்பானிய அளவுகோலில் ‘ஆறு-கீழ்’ என்ற கடும் அதிர்வு பதிவானது. நாடு எங்கும் இது நேரக்கூடியது. குடும்பத்தோடு இருப்பவருக்கு எரிவாயுவை எங்கே நிறுத்துவது, எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேருவது என்று சொல்ல ஆள் இருக்கும். தனியறை தேடுபவர், கட்டடத்துக்கு அனுமதி வழங்கிய காலம் 1981 ஜூனுக்குப் பிந்தியதா என்று தரகரிடம் கேட்க வேண்டும். கடுமையாக்கப்பட்ட நிலநடுக்கத் தாங்குதிறன் விதி அப்போதிருந்துதான் நடைமுறையில் உள்ளது. வாடகை வியக்கத்தக்க அளவு குறைவாக இருந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

குப்பை விஷயத்தில் ஊருக்கு ஊர் விதி மாறும். கியோட்டோ மாநகரில் எரிக்கக்கூடிய குப்பையை மாநகராட்சியின் மஞ்சள் பையை விலைக்கு வாங்கி அதில்தான் போட வேண்டும். புட்டியின் மூடியையும் சுற்றுத்தாளையும் பிரித்துவிட்டே புட்டியைத் தனியே போட வேண்டும். தவறாகப் போட்ட பை, அறிவிப்பு ஒட்டப்பட்டு அங்கேயே கிடக்கும், அது யாருடையது என்று தெரு முழுவதற்கும் தெரிந்துவிடும். வீட்டம்மாவின் மேற்பார்வையில் இதை இரண்டு வாரத்தில் கற்றுவிடலாம்.

யாருக்கு எது

ஒரு பருவத்துக்கோ ஓராண்டுக்கோ பரிமாற்ற மாணவராகப் போகிறவருக்கு வகுப்பு நான்கு, ஐந்து மணிக்குள் முடிந்துவிடும். மதிப்பெண் சுமையும் குறைவு. இவர்கள் ஹோம்ஸ்டே கிடைத்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். மொழி அடிப்படைகூட இல்லாதவர்கள் பயப்படுவது வழக்கம், ஆனால் என் அனுபவத்தில் அவர்களே அதிகம் பெறுகிறார்கள். நன்றாகப் பேசத் தெரிந்த பிறகு குடும்பத்தில் போய்த் தங்குவது, இனிமையாக இருக்குமே தவிர அத்தனை பெரிய மாற்றம் தராது.

மொழிப்பள்ளி மாணவரின் நிலை வேறு. அனுமதி பெற்றால் வாரத்துக்கு 28 மணி நேரம் வரை பகுதிநேர வேலை செய்யலாம், பலர் அந்த வருமானத்தை நம்பித்தான் வருகிறார்கள். உணவகமும், கொன்பினி எனப்படும் சிறு அங்காடியும் ஆள் தேடுவது பெரும்பாலும் மாலை நேரத்துக்கே. ஆறு மணிக்கு வேலைக்குப் போய்ப் பத்தரைக்குத் திரும்புகிறவர், குடும்பத்துக்குக் கட்டணம் கட்டி வெறும் அறையை மட்டும் பயன்படுத்துகிறார். அவருக்கு நான் சொல்வது, வேலை தேடாத முதல் இரண்டு, மூன்று மாதங்கள் மட்டும் குடும்பத்தோடு இருந்துவிட்டு, பிறகு விடுதிக்கோ பகிர்வு வீட்டுக்கோ மாறுவது. முதல் மாதங்களில் வீட்டில் கேட்டுப் பழகிய பேச்சுதான், பிறகு வேலைக்கான நேர்காணலில் கைகொடுக்கும்.

ஆய்வகத்தில் சேரும் முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்கள் ஹோம்ஸ்டேயை விட்டுவிடலாம். சோதனை ஓடிக்கொண்டிருக்கும்போது ஏழு மணிக்குச் சாப்பாட்டு மேசைக்கு வர முடியாது, வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் இருப்பது உறவைக் கெடுக்கும். அவர்களுக்கு அதிகம் அறியப்படாத நடுவழி ஒன்று உண்டு: பல நகராட்சிகளின் பன்னாட்டு நட்புறவுச் சங்கங்களும் பல்கலைக்கழகங்களும், உடன் தங்காமல் மாதம் ஒருமுறையோ திருவிழா நாளிலோ சாப்பாட்டுக்கு அழைக்கும் குடும்பங்களோடு மாணவர்களை இணைத்துவைக்கின்றன. விடுதியில் இருந்துகொண்டே இதில் பெயர் கொடுத்தால், கட்டுப்பாடு இல்லாமல் ஒரு குடும்பம் கிடைக்கும். சாற்றுக்குக்கூட மீன் ஆகாத சைவர்களுக்கும் இதுவே பொருத்தம். மாதத்தில் ஒருநாள் கொம்பு சாறு வைப்பது யாருக்கும் பாரமில்லை.

குடும்பத்திலிருந்து விடுதிக்கு மாறும் திட்டம் வைத்திருப்பவர்கள், ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் பதினான்கு நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் பதிவு செய்து, குடியிருப்பு அட்டையின் பின்புறம் புதிய முகவரியை எழுதி வாங்க வேண்டும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். வேறு நகருக்கு மாறினால் பழைய இடத்தில் வெளியேறும் சான்று பெற்று, காப்பீட்டையும் புதிதாகப் பதிய வேண்டும். வங்கி, கைபேசி, கல்லூரி மூன்றுக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். புதுக் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், மார்ச்சில் நாடே வீடு மாறிக்கொண்டிருக்கும். அறையும் கிடைக்காது, சாமான் ஏற்றும் வண்டிக்கும் விலை கூடிவிடும். ஜூன், ஜூலையிலோ நவம்பரிலோ மாறுவது எளிது.

ஹோம்ஸ்டே என்று முடிவானால் படிவத்தில் பணிவைக் காட்ட வேண்டாம். ‘எதுவானாலும் சரி’ என்று எழுதுவதை அலுவலகம் அப்படியே எடுத்துக்கொண்டு, வேறு யாருக்கும் பொருந்தாத வீட்டை ஒதுக்கிவிடும். உண்ணாதவற்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள்: மீன், இறால், அவற்றில் காய்ச்சிய சாறு என்று ஒவ்வொன்றாக. நாய், பூனை, சிகரெட் புகை ஆகாதென்றால் அதையும், சிறு குழந்தைகள் உள்ள வீடு பிடிக்குமா என்பதையும், வாரத்தில் எந்தெந்த மாலை வீட்டில் இருக்க முடியும் என்பதையும் குறிப்பிடுங்கள். பணம் கட்டும் முன் அலுவலகத்திடம் நீங்கள் கேட்டு எழுத்தில் பெற வேண்டியவை: கல்லூரிக்குப் பயண நேரமும் மாதப் பயணச் செலவும், விடுமுறையில் ஊருக்குப் போனால் அந்த நாள்களுக்குக் கட்டணம் குறையுமா என்பது, குடும்பம் ஒத்துவராவிட்டால் யாரிடம் சொல்வது, எத்தனை நாளில் வேறு வீடு தருவார்கள், இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பவை.